வேட்பாளர் கொடுப்பதும் ஒரு கடன் விண்ணப்பம்தான்

ஓட்டுக் கேட்டு வருகிறவர் உண்மையில் நம்மிடம் கடன்தான் கேட்கிறார். 5 வருஷத் தவணை. வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது, நடுவில் திருப்பிக் கேட்கவும் வழி கிடையாது. பேங்க்கில் 34 வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு இப்படித்தான் பார்க்கத் தோன்றுகிறது. 20,000 ரூபாய் பயிர்க்கடனுக்கு வருகிற ஒரு குறு விவசாயியிடம் சிட்டா கேட்போம், அடங்கல் கேட்போம், வேறு பேங்க்கில் பாக்கி இல்லை என்று எழுதி வாங்குவோம். ஒரு தொகுதியையே ஒப்படைக்கச் சொல்லிக் கேட்கிறவருக்கு ஒரு ஆரத்தித் தட்டு போதுமானதாக இருக்கிறது.

சட்டமன்றத் தேர்தல் வாசலில் நிற்கிறது. எங்கள் மரக்காணம் பகுதி திண்டிவனம் தனித் தொகுதியில் வருகிறது. இந்தத் தொகுதிக்காரர்கள் 'நம்ம ஓட்டு என்னத்த பண்ணிடப் போகுது' என்று பேசவே கூடாது. 2016 தேர்தலில் இங்கே வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது வெறும் 101 ஓட்டு. ஒரு கல்யாணப் பந்தியில் உட்காருகிற கூட்டம்கூட இல்லை. நம் இயக்கத்தின் நாலு கிராமத்துக் குழுக்கள் சேர்ந்தால் அதைவிட அதிகம் தேறும். ஆகவே கேள்வி கேட்கும் தகுதி நமக்கு இருக்கிறது. எதைக் கேட்பது என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

பக்கத்துக் கொல்லைக்காரர் ஒருவர் போன வாரம் வரப்பில் நின்று சொன்னார்: "என்னா சார், வர்றவங்க எல்லாரும் ஏரி தூர் வார்றேன், உப்புக்கு வெல வாங்கித் தர்றேன், கடனத் தள்ளுபடி பண்றேன்னுதான் சொல்றாங்க. எல்லாரும் ஒண்ணேதான சொல்றாங்க, அதுல யார நம்புறது?" அவர் சொன்ன மூன்றையும் பிரித்துப் பார்த்தால், ஒன்று எம்எல்ஏ கையில் நேராக இருப்பது, ஒன்று கொஞ்சமும் இல்லாதது, ஒன்று பாதி இருப்பது. இந்தப் பிரிப்புத் தெரியாமல் கேட்டால் எல்லா வாக்குறுதியும் ஒரே எடையில்தான் தெரியும்.

உப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எங்கள் ஊரின் முகவரியே அதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போகும் அந்த வெள்ளைப் பாத்திகளைப் பற்றிச் சட்டமன்றம் பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 7-வது அட்டவணையில் உப்பு உற்பத்தியும் விநியோகமும் ஒன்றியப் பட்டியலில் 58-வது இனமாக இருக்கிறது. உப்புக்கு விலை வாங்கித் தருகிறேன் என்று எம்எல்ஏ வேட்பாளர் சொன்னால், அவர் எம்பி தேர்தலுக்கு வர வேண்டியவர், வழி தவறி வந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதற்காக மாநிலம் ஒன்றுமே செய்ய முடியாது என்றும் இல்லை. உப்பளத் தொழிலாளிக்கு மழைக்காலத்தில் வேலை இல்லை. அந்த மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருவோம் என்று திமுக 2021 தேர்தல் அறிக்கையில் சொன்னது. 2022-ல் திட்டம் வந்தது. விலை கையில் இல்லை, நிவாரணம் கையில் இருந்தது, செய்தார்கள். இந்தத் தேர்தலில் கேட்க வேண்டிய கேள்வி அதன் தொடர்ச்சி: தொழிலாளி என்று யாரைக் கணக்கில் எடுக்கிறீர்கள்? இங்கே பாத்தியில் உப்பு வாருகிற பெண்கள்தான் ஐப்பசி, கார்த்திகையில் நம் வயலில் நடவுக்கும் களைக்கும் வருகிறார்கள். எந்தப் பதிவேட்டிலும் பேர் இல்லாத அவர்களைச் சேர்ப்பீர்களா? 5,000 என்ற தொகை இன்றைக்குப் போதுமா?

அடுத்து தண்ணீர். இதில்தான் எம்எல்ஏவுக்கு உண்மையான வேலை இருக்கிறது. விவசாயமும் நீர்ப்பாசனமும் மாநிலப் பட்டியலில் இருப்பவை, டெல்லியைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது. மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவெளிக்கு, மேற்கே இருக்கிற ஏரிகளின் மிச்சத் தண்ணீர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வடிந்து வருகிறது. அங்கிருந்து இடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. மேலே ஏரி நிரம்பினால் கீழே நல்ல தண்ணீரின் எடை கடலை எதிர்த்து நிற்கும். ஏரி தூர்ந்து, வரத்து குறைந்து, ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடியை உறிஞ்ச ஆரம்பித்தால் கடல் உள்ளே ஏறும். எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்று வீட்டில் சொல்லும்போதே புரிந்துகொள்ள வேண்டும். என் போரில் கோடைத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. மல்லாட்டை இலை ஓரம் கருகுகிறது. ஜீவாமிர்தம், பலதானிய விதைப்பு, மூடாக்கு எல்லாம் மண்ணைத் தாங்கிப் பிடிக்கும். கடலைத் தடுக்காது.

ஆகவே 'ஏரி தூர் வாருவேன்' என்கிறவரிடம் கேட்க வேண்டியது: எந்த ஏரி? 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கிறது, அதற்குக் கீழே இருப்பது ஊராட்சி ஒன்றியத்திடம். இரண்டுக்கும் பணம் வரும் வழி வேறு, கையெழுத்துப் போடுகிற அதிகாரி வேறு. ஏரியின் பெயரைச் சொல்லத் தெரியாதவர் அந்த ஏரியைத் தூர் வாரப் போவதில்லை. இன்னொன்று, ஏரிக்குள் மண் எடுப்பதை மட்டும் தூர் வாருதல் என்கிறார்கள். வரத்து வாய்க்கால், கலங்கல், அடுத்த ஏரிக்குப் போகிற உபரி வாய்க்கால் மூன்றையும் சேர்த்தால்தான் சங்கிலி முழுமை. எம்எல்ஏ தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி. அதில் எத்தனை நிழற்குடை, எத்தனை ஹைமாஸ் விளக்கு, எத்தனை வாய்க்கால் என்று ஒரு பங்கீட்டைச் சொல்லச் சொல்லுங்கள். வண்டல் மண்ணை விவசாயி இலவசமாக எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-ல் நடைமுறையை எளிதாக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் அனுமதி சிறு விவசாயியின் டிராக்டருக்குக் கிடைக்கிறதா, செங்கல் சூளை லாரிக்குக் கிடைக்கிறதா என்று பார்க்க ஒரு எம்எல்ஏ வேண்டும்.

மழை அதிகமானாலும் எங்களுக்குக் கஷ்டம்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியபோது மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. இந்தப் பக்கத்து வடிநிலம் எல்லாம் கழுவெளியைப் பார்த்துத்தான் சாய்ந்திருக்கிறது. உப்பளமும் வயலும் ஒரே தண்ணீரில் கிடந்தன. அப்போது இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் இறவைக்கு 6,800 சொச்சம். அதுவும் 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று எழுதப்பட்டால்தான். இந்த அளவுகோல் ஒன்றிய அரசின் பேரிடர் விதிமுறையிலிருந்து வருவது. மேலே சேர்த்துக் கொடுக்க மாநிலத்தைத் தடுப்பவர் யாரும் இல்லை. சேர்ப்பீர்களா என்று கேட்கலாம்.

இப்போது மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை 46 கி.மீ. நாலுவழிச் சாலை வருகிறது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை 2,157 கோடிக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. சாலை டெல்லியுடையதாக இருக்கலாம், நிலம் எடுப்பது நம் வருவாய்த் துறை. மேற்கிலிருந்து கிழக்கே வடிகிற பூமியில் வடக்குத் தெற்காக ஒரு மேட்டைப் போட்டால் தண்ணீர் எங்கே போகும்? எத்தனை சிறுபாலம், என்ன அகலம், எந்த ஓடைக்கு என்று வரைபடத்தைக் கையில் வைத்துக் கேட்கிற வேட்பாளர் யாராவது உண்டா? எனக்குத் தெரிந்து நஷ்டஈட்டுத் தொகையைத் தாண்டி யாரும் பேசவில்லை.

கழுவெளியில் 5,151 ஹெக்டேர் பரப்பை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நம் ஆட்களிலேயே இதில் இரண்டு கட்சி. மாடு மேய்க்க விடமாட்டார்கள், காட்டுப்பன்றியை விரட்டினால் கேஸ் போடுவார்கள் என்று ஒரு கட்சி. என் எண்ணம் வேறு. பறவை வருகிற சதுப்பு நிலம் இருந்தால் நம் கிணற்றில் கொஞ்சம் நல்ல தண்ணீர் இருக்கும். மேய்ச்சல், மீன்பிடி உரிமைகளை எழுத்தில் வாங்கிக்கொண்டு சரணாலயத்தை ஆதரிப்பதுதான் விவசாயிக்கு லாபம். வேட்பாளர்கள் இந்த விஷயத்தில் வழவழா கொழகொழா. பறவை பார்க்கப் போன இடத்தில் ஒன்று, மாட்டுக்காரர்கள் கூட்டத்தில் ஒன்று பேசுகிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே ஆள் போய்க் கேட்டால் மாட்டிக்கொள்வார்கள்.

இறால் பண்ணை விவகாரமும் இதே மாதிரி. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. சட்டம் ஒன்றியத்துடையது, 'எங்க கையில ஒண்ணும் இல்ல' என்பார்கள். ஆனால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிற மாவட்டக் குழுவுக்குத் தலைவர் நம் கலெக்டர்தான். விளைநிலத்தையும் உப்பள நிலத்தையும் இறால் குட்டையாக்கக் கூடாது என்று ஆணையத்தின் வழிகாட்டு நெறியிலேயே இருக்கிறது. அடங்கலில் 'தரிசு' என்று ஒரு வார்த்தை மாறினால் விளைநிலம் விளைநிலமாக இல்லாமல் போய்விடும், அவ்வளவுதான் நுணுக்கம். அந்த அடங்கலை எழுதுவது மாநில அரசின் கிராம நிர்வாக அலுவலர்.

கடன் தள்ளுபடிக்கு வருகிறேன். இது என் பழைய தொழில், கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாநில அரசு நேராகத் தள்ளுபடி செய்யக்கூடியது கூட்டுறவுக் கடனைத்தான். 2021 பிப்ரவரியில் அன்றைய அதிமுக அரசு 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது, சுமார் 16.43 லட்சம் பேருக்கு. எல்லாம் கூட்டுறவு. தேசிய வங்கியில் வாங்கியவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தேசிய வங்கிக் கடனையும் தீர்க்க வேண்டுமானால் மாநில அரசு தன் பட்ஜெட்டிலிருந்து பணத்தை எடுத்து வங்கிக்குக் கட்ட வேண்டும்; 2017-ல் உத்தரப் பிரதேசமும் மகாராஷ்டிரமும் அப்படித்தான் செய்தன. ஆகவே 'கடன் தள்ளுபடி' என்று வேட்பாளர் சொன்ன உடனே கைதட்டாமல், எந்த வங்கி, எந்தத் தேதிவரை, எத்தனை ஏக்கர் வரை என்று மூன்று கேள்வி கேளுங்கள். கூட்டுறவு நகைக்கடன் 5 பவுன் வரை தள்ளுபடி என்ற வாக்குறுதி என்ன ஆனது என்று ஞாபகம் இருக்கும். 48 லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்களை ஆராய்ந்து 35 லட்சத்துக்கும் மேல் தகுதியில்லை என்று ஒதுக்கினார்கள். நிபந்தனைகள் நியாயமானவையாகவே இருக்கலாம். மேடையில் அவற்றை யாரும் சொல்லவில்லை என்பதுதான் பிரச்சினை.

தள்ளுபடியைவிட நமக்கு உதவக்கூடிய ஒன்று உண்டு, அதை எந்த வேட்பாளரும் பேசிக் கேட்டதில்லை. ஒரு ஏக்கருக்கு எந்தப் பயிருக்கு எவ்வளவு கடன் என்று வருஷா வருஷம் மாவட்ட அளவில் ஒரு தொழில்நுட்பக் குழு நிர்ணயிக்கிறது. உரம், பூச்சிமருந்து செலவை வைத்துப் போடுகிற கணக்கு அது. நமக்கு உரச் செலவு இல்லை, ஆள் கூலிதான் அதிகம். குழியடிச்சான், களர்பாலை மாதிரி உப்பைத் தாங்கும் பாரம்பரிய நெல் போடுகிறவருக்கு விதை, கூலி, உமி நீக்கும் செலவு எல்லாம் வேறு. தமிழ்நாடு இயற்கை வேளாண்மைக் கொள்கையை 2023 மார்ச்சில் வெளியிட்டாகிவிட்டது. நெல் ஜெயராமன் பெயரில் மரபு நெல் பாதுகாப்புத் திட்டமும் நடக்கிறது. கொள்கை இருக்கிறது, கடன் அளவு இல்லை என்றால் பேங்க் மேனேஜர் கொள்கையைப் பார்த்துக் கடன் கொடுக்க மாட்டார். நானே கொடுத்திருக்க மாட்டேன்!

விலைக்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். 2021-ல் திமுக நெல்லுக்குக் குவிண்டால் 2,500, கரும்புக்கு டன் 4,000 என்று சொன்னது. நெல் 2,500-ஐத் தொட்டது 2025-26 கொள்முதல் பருவத்தில், ஆட்சியின் கடைசி வருஷத்தில். கரும்பு 2024-25 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையையும் சேர்த்து 3,500-ல் நின்றது. தவணை தேதி எழுதாத கடன் எப்போதும் கடைசி மாதத்தில்தான் திரும்பி வரும். இதில் கட்சி வித்தியாசம் கிடையாது.

எம்எல்ஏவின் ஓட்டு நேரடியாக நம் நிலத்தின் மேல் விழுந்த ஒரு நாளைச் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரல் 21, பட்ஜெட் கூட்டத் தொடரின் கடைசி நாள். தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) சட்டம் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்ட நிலத்துக்குள் ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தால் அவற்றையும் திட்டத்தோடு சேர்த்துக் கொடுக்க வழி செய்கிற சட்டம் அது. கழுவெளியைச் சுற்றி எந்த இடத்தில் 100 ஹெக்டேர் அளந்தாலும் ஒரு ஏரியோ வாய்க்காலோ இல்லாமல் இருக்காது. அதே நாளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைத் திருத்தமும் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தார்கள், மே தினத்தன்று அதை வாபஸ் வாங்குவதாக முதலமைச்சர் அறிவித்தார். விவசாயிகள் சங்கங்களும் எதிர்த்தன, நம் சட்டம் வாபஸ் ஆகவில்லை. 2024-ல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. இந்தத் தேர்தலில் நிற்கிற ஒவ்வொருவரிடமும், எந்தக் கட்சியானாலும், இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: அந்தச் சட்டத்தை ரத்து செய்ய ஓட்டுப் போடுவீர்களா, மாட்டீர்களா? ஆமாம், இல்லை என்ற இரண்டு பதில்தான் இதற்கு உண்டு.

இன்னொரு சட்டமும் இருக்கிறது, நமக்குச் சாதகமாகத் திருப்பக்கூடியது. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சை, திருவாரூர், நாகையையும் கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களையும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளிலிருந்து காக்கிறது. விழுப்புரம் அதில் இல்லை. 2018-ல் வேதாந்தாவுக்கு ஒதுக்கிய ஹைட்ரோகார்பன் வட்டாரம் ஒன்று எங்கள் விழுப்புரம், புதுச்சேரிக் கடலோரத்தையும் தொட்டது. அதை எதிர்த்து 2019 ஜூனில் மரக்காணத்திலிருந்து ராமேஸ்வரம் வரை கைகோத்து நின்றோமே, அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே எங்கள் ஊர். சட்டத்தில் மட்டும் எங்களுக்கு இடம் இல்லை. மயிலாடுதுறையைச் சேர்க்க 2023-ல் திருத்தம் செய்தார்கள். மரக்காணம், வானூர் ஒன்றியங்களைச் சேர்க்கச் சொல்லித் தனிநபர் மசோதாவாவது கொண்டு வருவீர்களா?

சரி, வாயால் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போனால்? இதற்குத் தெலங்கானாவின் நிஜாமாபாத் கதை நல்ல பாடம். 2019 மக்களவைத் தேர்தலில் மஞ்சள் வாரியம் கேட்டு 178 விவசாயிகள் அங்கே வேட்புமனு போட்டு நின்றார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள். நம் மொடக்குறிச்சியில் 1996-ல் 1,033 பேர் நின்று வாக்குச்சீட்டே புத்தகமாக அச்சடிக்கப்பட்டதே, அந்த வழிதான். (அதற்குப் பதிலாக அரசு விவசாயிகளின் கோரிக்கையைக் கேட்காமல், 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கியது. இது ஒரு தனி வேடிக்கை.) நிஜாமாபாத்தில் பாஜக வேட்பாளர் தர்மபுரி அரவிந்த் ஒரு படி மேலே போய், ஜெயித்த 5 நாளில் மஞ்சள் வாரியம் கொண்டு வருவேன், இல்லாவிட்டால் ராஜினாமா என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜெயித்தார். 5 நாள் போச்சு, 5 மாசம் போச்சு. கோர்ட்டில் அந்தத் தாளுக்கு மதிப்பு இல்லை. ஆனால் விவசாயிகள் அந்தத் தாளின் நகலைப் போகிற இடமெல்லாம் அவர் முன்னால் நீட்டினார்கள். கடைசியில் 2023 அக்டோபரில் தேசிய மஞ்சள் வாரியம் அறிவிக்கப்பட்டது, 2025 பொங்கலன்று நிஜாமாபாத்தில் திறந்தார்கள். 5 நாள் என்றது 4 வருஷத்துக்கும் மேலானது. எழுத்தில் இல்லாமல் இருந்திருந்தால் அதுவும் வந்திருக்காது என்பது என் கணிப்பு.

வேட்பாளரின் பழைய கணக்கைப் பார்க்க முத்திரைத்தாள்கூட வேண்டாம். வேட்புமனுவோடு கொடுக்கிற படிவம் 26 பிரமாணப் பத்திரம் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. சொத்து, கடன், அரசுக்குப் பாக்கி, வழக்கு எல்லாம் அதில் உண்டு. விவசாய நிலம் என்ற இடத்தைப் பாருங்கள், சர்வே நம்பரோடு இருக்கும். 'நானும் விவசாயி மகன்தான்' என்று பேசுகிறவரின் நிலம் எங்கே இருக்கிறது, நாலுவழிச் சாலைக்குப் பக்கத்திலா, ஏரிப் பாசனத்திலா என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும். ஏற்கெனவே எம்எல்ஏவாக இருந்தவர் என்றால் சட்டமன்றத்தில் விவசாய மானியக் கோரிக்கையில் என்ன பேசினார், எத்தனை கேள்வி கேட்டார் என்பது அவைக் குறிப்பில் இருக்கிறது. அமைச்சர் அவையில் கொடுத்த வாக்கைத் துரத்திப் பிடிக்க அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்றே இருக்கிறது. அதற்கு எந்த எம்எல்ஏவும் நம்மிடமிருந்து மனு வாங்கிப் போனதாக நான் பார்க்கவில்லை.

எங்கள் பகுதிக் குழு 9 கேள்விகளை ஒரே பக்கத்தில் அச்சடித்து வைத்திருக்கிறது. ஏரிகளின் பெயர், உப்பளத் தொழிலாளர் பதிவு, சாலைச் சிறுபாலங்கள், இறால் பண்ணை, சரணாலயத்தில் மேய்ச்சல், இயற்கை முறைக்குக் கடன் அளவு, நில ஒருங்கிணைப்புச் சட்டம், வேளாண் மண்டலம், புயல் நிவாரணம். ஒவ்வொன்றுக்கும் எதிரே பதில் எழுதவும், எந்த மாதத்துக்குள் என்று எழுதவும் இரண்டு கட்டம், கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. முக்கிய வேட்பாளர்கள், சுயேச்சைகள் எல்லாருக்கும் ஒரே தாள்தான். பேரூராட்சிக்காரர்களுக்குக் கிராம சபை இல்லாததால் மரக்காணத்தில் வாரச் சந்தை நாளில் கொடுக்கப் போகிறோம், சுற்றுக் கிராமங்களில் அவர்கள் வண்டி நிற்கிற இடத்தில். உங்கள் தொகுதியில் கேள்விகள் வேறாக இருக்கும்; உங்கள் ஏரி, உங்கள் சாலை, உங்கள் ஆலை. தாளின் மாதிரி வேண்டுமானால் இதழ் அலுவலகத்துக்கு எழுதுங்கள். பூர்த்தி செய்து வருகிற பதில்களை அடுத்த இதழில் ஒரு எழுத்து மாறாமல் போடுவதாக ஆசிரியர் குழு ஒத்துக்கொண்டிருக்கிறது. பதில் தராதவரின் பெயருக்கு எதிரே அந்தக் கட்டங்கள் வெறுமையாகவே அச்சாகும்.